சூடம் அடிக்காத ஒருவர்

எனக்குத் தேதி முக்கியம். ஒரு சம்பவம் எந்த ஆண்டு, எந்த மாதம், அதற்கு முன் என்ன, பின் என்ன என்று வரிசைப்படுத்திக்கொண்டால்தான் அது எனக்குப் புரியத் தொடங்கும். என் அக்காவின் கணவருக்கு நேர்ந்ததையும் அப்படித்தான் பலமுறை வரிசைப்படுத்திப் பார்த்திருக்கிறேன். வரிசையில் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் சொல்லி முடிக்கும்போதெல்லாம் ஒரு இடம் காலியாகவே நிற்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் கோச்சடையில் குடியிருந்தேன். அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை. சாயங்காலமானால் சைக்கிளை மிதித்துச் சிம்மக்கல் பக்கம் இருந்த வாசகசாலைக்குப் போய்விடுவேன். அங்கே எனக்கு இரண்டு நண்பர்கள். ஒருவர் பள்ளி ஆசிரியர். இன்னொருவர் ஜவுளிக்கடையில் விற்பனைக்கு நின்றவர், வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் நெசவுக் குடும்பம். உலகத்தில் அதிக ரத்தம் சிந்தவைத்தது மதமா, கொள்கையா என்று இருவரும் சளைக்காமல் சண்டை போடுவார்கள்.

"சாமி பேரச் சொல்லி வெட்டிக்கிட்டவன்தான்யா அதிகம். நம்ம ஊர்லயே சமணரைக் கழுவேத்துன கதைய இன்னும் திருவிழாவாக் கொண்டாடுறோம்" என்பார் ஆசிரியர்.

"சாமி இல்லேன்னவன் ஆண்ட தேசத்துல மட்டும் என்ன பால் பாயசமா ஊத்துனான்?" என்பார் ஜவுளிக்கடைக்காரர். "எல்லாருக்கும் நல்லது பண்றேன்னு கெளம்புவான் பாருங்க, அவனைக் கண்டாத்தான் எனக்குப் பயம்."

நான் இரண்டு பக்கத்துக்கும் ஆண்டுகளை எடுத்துக் கொடுப்பேன். சிலுவைப் போர்கள், பிரெஞ்சுப் புரட்சி, நம் பிரிவினை. "இவரு ரெண்டு கட்சிக்கும் சாட்சி சொல்ற ஆளு" என்று ஜவுளிக்கடைக்காரர் என்னைக் கிண்டல் செய்வார்.

1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. வாசகசாலையில் பேச்சு மெல்ல நின்றது. ஆசிரியர் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் படிக்க ஆரம்பித்தார். ரயில் சரியான நேரத்துக்கு வருகிறது என்று அலுவலகத்தில் பலரும் சொன்னார்கள். நானும் ஒரு நாள் சொல்லியிருப்பேன்.

அந்த ரயிலில் ஏறித்தான் அக்கா வீட்டுக்குப் போவேன். சோழவந்தானில் இறங்கி ஆற்றோரமாக நடந்தால் ஊர் வந்துவிடும். அத்தானுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அகத்தி மரங்களை வரிசையாக வளர்த்து, வெற்றிலைக் கொடியை அதில் ஏற்றிக் கோரையால் கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் காட்டி, கைக்குழந்தையைப் போலப் பார்க்க வேண்டிய பயிர். அத்தான் அதிகம் பேச மாட்டார். ஆற்றங்கரைக் கருப்பசாமி அவர்களுடைய குலசாமி. அந்தக் கோயில் தோப்புக்குள் செருப்போடு யாராவது நுழைந்தால் மட்டும் வாய் திறப்பார்.

1977 மார்ச்சில் தேர்தல் வந்தது. அந்த வாரக் கடைசியில் நான் போயிருந்தேன். அத்தானின் இடதுகை ஆள்காட்டி விரலில் மை இருந்தது. அக்கா சோறு போட்டுக்கொண்டே என்னிடம் புகார் சொன்னாள்.

"தம்பி, ஓட்டை யாருக்குப் போட்டீகன்னு உங்க அத்தானைக் கேட்டேன். சொல்ல மாட்டேங்குறாரு."

"கேக்கக் கூடாதுன்னுதானே அங்கன சாக்கைக் கட்டி மறைச்சு வச்சிருக்கான்" என்றார் அத்தான்.

"பொண்டாட்டிகிட்டக்கூடவா?"

"பொண்டாட்டியையும் சாக்குக்கு வெளியிலதானே நிப்பாட்டுனான்?"

நாங்கள் மூவரும் சிரித்தோம். அக்கா கூடுதலாகக் கொஞ்சம் ரசம் ஊற்றி, "நானும் சொல்ல மாட்டேன் போங்க" என்றாள். ஓட்டைப் பற்றி அந்த வீட்டில் சிரித்துப் பேசியது எனக்கு நினைவில் இருப்பது அந்த ஒரு தடவைதான்.

அடுத்து 1986க்கு வருகிறேன். உள்ளாட்சித் தேர்தல் நடந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அந்த மாசியில்தான் மறுபடி வந்தது. அக்கா ஊரில் பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் 1970இல் தலைவராக இருந்தவர், ஊர்க்காரர்கள் எல்லாரும் மாஜி என்றே சொல்வார்கள். கறுப்புச் சட்டைக்காரர். கடவுள் இல்லை என்று மேடை போட்டு மணிக்கணக்கில் பேசக் கூடியவர், நன்றாகவும் பேசுவார். அந்த ஊரில் முதன்முதலில் தன் கல்யாணத்தை ஐயரில்லாமல் நடத்தியவர் அவர்தான். சாராயக்கடைகளுக்கு அரசாங்கம் உரிமம் கொடுத்த பிறகு ஊர்ச் சாராயக்கடை அவருடைய தோப்பில் நடந்தது. எதிர்த்து நின்றவர் வயதில் இளையவர், நெல் வியாபாரி. நெற்றி நிறையத் திருநீறு பூசுவார். பேச்சு வராது, கும்பிடு மட்டும் போடுவார்.

மதத்துக்கும் கொள்கைக்கும் ஊரிலேயே ஒரு தேர்தல் வந்துவிட்டது என்று ஆசிரியரிடம் சொல்லிச் சிரித்தேன். அவர், "முடிவு வந்ததும் சொல்லுங்க, நம்ம சண்டையும் தீந்துரும்" என்றார்.

வாக்குப்பதிவுக்கு முந்தைய வாரம் நான் ஊருக்குப் போனபோது மாஜி, ஊர் ஆண்களை எல்லாம் கருப்பசாமி தோப்புக்கு வரச் சொல்லியிருந்தார். நானும் அத்தானோடு போனேன். சாமி முன்னால் மண்ணில் ஒரு செங்கல், அதன்மேல் சூடம். ஒவ்வொரு வீட்டு ஆணும் வந்து, "எங்க வீட்டு ஓட்டு அம்புட்டும் உங்களுக்குத்தான்" என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பிறகு அடுத்த சூடம். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது. சூடம் அடித்துவிட்டுப் பொய் சொன்னவன் குடும்பம் விளங்காது என்பது சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம்.

நான் மாஜியின் பக்கத்தில் போய், "நீங்க சாமி இல்லேம்பீங்களே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எனக்கு இல்ல, தம்பி" என்றார் சிரித்துக்கொண்டே. "இவங்களுக்கு இருக்குல்ல?"

அத்தானின் முறை வந்தது. அவர் நகரவில்லை. அவருடைய சித்தப்பா மகன், மாஜிக்கு வலதுகை போல இருந்தவன், சூடத்தைப் பற்றவைத்துக்கொண்டு கூப்பிட்டான்.

"வாண்ணே. அடிச்சுட்டுப் போ, தண்ணி பாய்ச்சணும்ல."

"நான் அடிக்கல."

"ஏண்ணே? மனசுல வேற ஆளு இருக்காக்கும்?"

"ஓட்டுக்கெல்லாம் சாமிய எதுக்குடா இழுக்குறீக? அது பாட்டுக்கு நிக்கிது."

"அப்ப வாயாலயாச்சும் சொல்லு, யாருக்குன்னு."

"அதையும் சொல்ல மாட்டேன்."

யாரோ, "கருப்பசாமிக்கு இவருதான் வக்கீலு" என்றார்கள். கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. மாஜி சிரிக்கவில்லை. அத்தான் சாமியைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் அடித்தார்கள். மறுத்தவர் அவர் ஒருவர்தான்.

வாக்குகள் எண்ணப்பட்டபோது மாஜி தோற்றார். கொஞ்சநஞ்சமாக அல்ல. சூடம் அடித்த வீடுகளின் ஓட்டு அத்தனையும் விழுந்திருந்தால் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஜெயித்திருக்க வேண்டும். ஒரே ஒரு வீடு தவறியதால் வந்த தோல்வி அல்ல அது என்பது கூட்டல் தெரிந்த எவருக்கும் தெரியும். ஆனால் ஊர் அப்படிக் கணக்குப் பார்க்கவில்லை. சூடம் அடித்தவர்கள் பொய் சொல்லியிருக்க முடியாது, அடிக்காதவர் ஒருவர்தான், ஆகவே தோற்கடித்தது அவர்தான். கடவுளை நம்பாத மாஜியும் இதை நம்பினார் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்காதது. கட்சியும் சட்டையும் எதுவாக இருந்தாலும், தன் கண் முன்னால் அணைந்த சூடத்தை அவரால் சந்தேகப்பட முடியவில்லை.

அடுத்த சில நாட்களில் அக்காவிடமிருந்து தகவல் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அத்தான் கொடிக்காலுக்குள் நின்றுகொண்டிருந்தார். கொடிகள் பச்சையாகத்தான் இருந்தன. எனக்கு எதுவும் தெரியவில்லை. அவர் குனிந்து ஒரு கொடியின் அடியைத் தூக்கிக் காட்டினார். மண்ணை ஒட்டிச் சுத்தமாக அறுத்திருந்தார்கள். பக்கத்துக் கொடியும் அப்படியே. வரிசை முழுவதும், தோட்டம் முழுவதும். அடியில் அறுத்த கொடி அன்றைக்கே வாடாது. ஒரு பகல் முழுக்க ஒன்றும் ஆகாதது போல அகத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

"போலீஸ்ல எழுதிக் கொடுப்போம் அத்தான்."

"அறுத்தவய்ங்க எல்லாரும் எனக்குப் பங்காளிதான், மாப்ள. யாரைன்னு எழுதுவ?"

அன்று மாலையே சித்தப்பா மகன் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை. வாசலில் நின்றே பேசினான். சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட எல்லாப் பங்காளிகளும் வருவார்கள். மறுநாள் பூஜையில் அத்தான் எல்லார் முன்னாலும் சூடம் அடித்து, தன் வீட்டு ஓட்டு மாஜிக்குத்தான் விழுந்தது என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. புதுக் கொடி நட எல்லாரும் வந்து கைகொடுப்பார்கள். "போட்டிருந்தா அடிக்கிறதுல என்னண்ணே பயம்?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அவன் போனதும் அக்கா அத்தானின் காலைப் பிடித்துக்கொள்ளாத குறையாகக் கெஞ்சினாள்.

"அடிச்சுட்டு வந்துருங்க. பொய்யோ நெசமோ அடிச்சுட்டு வந்துருங்க. அந்தப் பாவம் எனக்கு வரட்டும், சாமி என்னையக் கேட்டுக்கிறட்டும்."

அத்தான் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சாமி உன்னைய எதுக்குக் கேக்கணும்?" என்றார். அக்கா உள்ளே போய்விட்டாள். பயத்தில் பேசுகிறாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

நானும் என் பங்குக்குச் சொன்னேன். "அத்தான், நீங்க யாருக்குப் போட்டீங்கன்னு எனக்குத் தெரியாது. அவருக்குத்தான் போட்டிருந்தீங்கன்னா ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன?"

"இன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னா, அடுத்த தேர்தலுக்குச் சாக்கைக் கட்ட வேணாம்னுருவாய்ங்க மாப்ள."

சிவராத்திரிக்கு மறுநாள் மதியம். தோப்பில் நல்ல கூட்டம். பொங்கல் பானைகள் இறங்கியிருந்தன. கிடாய்கள் வெட்டி முடிந்து தரையில் ரத்தம் காய்ந்திருந்தது. பூசாரி தீபாராதனை காட்டும் நேரத்தில் சித்தப்பா மகன் செங்கலைக் கொண்டுவந்து அத்தானுக்கு முன்னால் போட்டு, சூடத்தை வைத்துப் பற்றவைத்தான். மாஜி வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அடிண்ணே."

"நான் அன்னைக்குச் சொன்னதுதான்."

"அப்ப ஒத்துக்கிற? நீதான் கவுத்த?"

"நான் எதையும் ஒத்துக்கிறல. ஓட்டு என்னது."

சூடம் தானாகவே எரிந்து அடங்கியது. அடுத்து நடந்ததை நான் மூன்று கை தூரத்தில் நின்று பார்த்தேன். கிடாய் வெட்டிய அரிவாள் கோயில் சுவரில்தான் சாத்தியிருந்தது. சித்தப்பா மகன் அதை எடுத்தான். கழுத்தைப் பார்த்துத்தான் வீசினான். அத்தான் இடது கையைத் தூக்கினார். அவர் கத்தவில்லை, என் பின்னாலிருந்து அக்காதான் கத்தினாள்.

அன்று யாரும் எந்தக் கோஷமும் போடவில்லை. சாமி பெயரைச் சொல்லியோ, கட்சி பெயரைச் சொல்லியோ அவன் வெட்டவில்லை. பிற்பாடு வாசகசாலை நண்பர்களிடம் இதைச் சொன்னபோது ஆசிரியர் தன் கட்சிக்கும், ஜவுளிக்கடைக்காரர் தன் கட்சிக்கும் ஆளுக்கொரு சான்று எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள். இருவருக்கும் கிடைக்கவில்லை. அங்கே சாமியும் இருந்தது, கறுப்புச் சட்டையும் இருந்தது. இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு, ஒரு மனிதன் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்துவிட வேண்டும் என்ற வெறி இருந்தது. திறக்காவிட்டால் உடைத்துப் பார்ப்பது. நான் படித்த போர்களுக்கெல்லாம் இது பொருந்துமா என்று தெரியாது. அந்தத் தோப்புக்குப் பொருந்தும்.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் அத்தான் பல வாரங்கள் கிடந்தார். உயிர் தப்பியது. இடதுகை ஆள்காட்டி விரல் போய்விட்டது. கட்டைவிரல் மடங்கவில்லை. அங்கே ஒரு நாள் ஜெயித்த தலைவர் பார்க்க வந்தார். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், பின்னால் ஏழெட்டு ஆட்கள், ஒரு ரோஜா மாலை. பேச்சு வராதவர் அன்று பேசினார்.

"அண்ணே, எனக்கு ஓட்டுப் போட்டதுக்காக உங்களை வெட்டிப்புட்டாய்ங்க. நீங்க நம்ம ஆளுண்ணே. ஒரு வார்த்தை சொல்லுங்க, அங்கிட்டு ரெண்டு கை விழும்."

அத்தான் படுத்தபடியே அவரைப் பார்த்தார்.

"உங்களுக்குத்தான் போட்டேன்னு நான் சொன்னேனா?"

"அது... ஊருக்கே தெரியுமேண்ணே."

"ஊருதான் வெட்டுச்சு. மாலைய எடுத்துட்டுப் போங்க. பக்கத்துக் கட்டில்காரருக்கு வாசம் ஆகல."

வந்தவர்களின் முகம் மாறியது. ஹார்லிக்ஸ் பாட்டிலை வைப்பதா எடுப்பதா என்று தெரியாமல் ஒருவர் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் எடுத்துக்கொண்டே போனார்கள். அதன்பிறகு அந்தக் கட்சியும் எங்களை எட்டிப் பார்க்கவில்லை.

வழக்கு நடந்தது. அன்று தோப்பில் இருந்த அத்தனை பேரும் சாட்சிக் கூண்டில் ஒன்றையே சொன்னார்கள்: தீபாராதனை நேரம், கண்ணை மூடிச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தோம், எதையும் பார்க்கவில்லை. நான் பார்த்ததைத் தேதி, நேரம், யார் எங்கே நின்றார்கள் என்பதோடு சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க அவருக்கு மச்சினன்தானே?" என்று மட்டும் கேட்டார். சித்தப்பா மகன் விடுதலையானான். கொடிக்கால் மறுபடி வரவில்லை. ஒரு கையால் கொடி கட்ட முடியாது. அத்தான் அந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்.

1989 ஜனவரியில் சட்டமன்றத் தேர்தல். அதற்கு முந்தைய ஒரு வருடம் கவர்னர் ஆட்சி. நான் காலையிலேயே கோச்சடையில் என் ஓட்டைப் போட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில்தான் பூத். அத்தான் வேட்டியை மாற்றிக்கொண்டு நின்றார். அக்கா அடுப்படியை விட்டு வரவில்லை.

"நான் வரல" என்றாள். "இனி எந்த ஓட்டுக்கும் நான் வரல."

அத்தான் வற்புறுத்தவில்லை. தனியாகப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும் அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"தம்பி, அந்தத் தேர்தல்ல யாரு கவுத்தாங்கன்னு எல்லாரும் தேடுனீகளே, பொம்பளைகளை யாராச்சும் கேட்டீகளா?"

எனக்குப் புரியவில்லை.

"சூடம் அடிச்சது ஆம்பளைகதானே. எங்களை யாரு அடிக்கச் சொன்னா? மாஜி தோப்புச் சாராயக்கடையைத் தாண்டித்தான் ஆத்துக்குத் தண்ணிக்குப் போகணும். அங்கன கிடக்குறவய்ங்க பேசுறதைக் கேட்டுக்கிட்டே குடத்தைத் தூக்கிட்டு வரணும். பொம்பளைக வரிசையில நின்னப்ப ஒருத்திக்கொருத்தி பேசிக்கிறக்கூட இல்ல. மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுச்சு. நான் மாத்தித்தான் போட்டேன். எனக்கு முன்னாடி நின்னது யாரு தெரியுமா? வெட்டுனான்ல, அவன் பொண்டாட்டி."

எங்க வீட்டு ஓட்டு அம்புட்டும் என்று ஒவ்வொரு ஆணும் சொல்லி அடித்த சூடம் என் கண்ணுக்குள் வந்து போனது. மூன்று ஆண்டுகளாக நான் கூட்டிக் கழித்துப் பார்த்த கணக்கில் இந்தப் பக்கம் இல்லவே இல்லை.

"அத்தானுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல. அவரு கேக்கல." அக்கா எழுந்தாள். "அன்னைக்கு அவரு சூடம் அடிச்சிருந்தா என்னாலதான் பொய்ச் சத்தியம் ஆயிருக்கும். அது தெரிஞ்சு அடிக்காம இருந்தாரா, தெரியாம இருந்தாரா, அது எனக்கு இன்னைவரைக்கும் தெரியல. வெட்டு மட்டும் அவருக்கு விழுந்துச்சு."

கொஞ்ச நேரத்தில் அத்தான் திரும்பி வந்தார். இடதுகை நடுவிரலில் மை இருந்தது. பூத்தில் மை வைக்கிற அதிகாரி குனிந்தபடியே கையை வாங்கி, ஆள்காட்டி விரலைத் தேடி, கிடைக்காமல் நிமிர்ந்து பார்த்தாராம். "இந்த விரல்ல வைங்க சார், இதுவும் என்னதுதான்" என்றாராம் அத்தான். சொல்லிவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். செம்பை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"பொம்பளைக வரிசையில கூட்டம் இல்ல. போயிட்டு வாரியா?"

அக்கா அசையாமல் நின்றாள். அவர் மறுபடி சொல்லவில்லை. வாசலுக்குப் போய்த் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, வெட்டுப்பட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் கழித்து அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல், அவரைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். வழியில் சித்தப்பா மகன் வீடு இருந்தது. அந்த வீட்டைக் கடக்கும்போது அவள் நடை வேகமானதை நான் வாசலிலிருந்து பார்த்தேன். அத்தானும் பார்த்திருப்பார்.

அவள் விரலில் மையோடு திரும்பி வந்தாள். அத்தான் நகர்ந்து வழிவிட்டார். யாருக்குப் போட்டாய் என்று கேட்கவில்லை. அவளும் அவரைக் கேட்கவில்லை. எனக்கு இரண்டு பேரிடமும் கேட்க வேண்டும் போலிருந்தது. குறிப்பாக அவரிடம், 1986 மாசியில் அவர் யாருக்குப் போட்டார் என்பதை. எல்லாவற்றுக்கும் தேதி தெரிந்த எனக்கு அந்த ஒன்று மட்டும் தெரியாது. வாய் வரை வந்தது. மடியில் இருந்த கையைப் பார்த்தேன்.

கடைசி ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்துகொண்டேன்.